ஸ்பீக்கர் பூவும் அக்காவின் கையும்

பெட்டூனியா என்று அதற்குப் பெயர். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் அந்த வரிசைக் காம்பராக்களில், அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. முதல் பூ விரிந்த அன்றைக்குப் பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "இது கோயில்ல கட்டுற ஸ்பீக்கர் மாதிரியில்ல இருக்கு" என்றாள். அத்தோடு அது ஸ்பீக்கர் பூ ஆகிவிட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "என்னா புள்ள, ஒன் ஸ்பீக்கர் எல்லாம் பாடுதா?" என்று கேட்பார்கள். "கரண்டு இல்ல" என்பேன்.

நான் அந்தப் பூவை முதலில் பார்த்தது பாலைவனத்தில். வீட்டு வேலைக்குப் போயிருந்த நாட்டில் குளிர்காலம் வந்தால் ரோட்டோரம் முழுக்க இதைத்தான் வைப்பார்கள். என் மேடமும் பல்கனியில் வரிசையாகத் தொட்டி வைத்திருந்தாள். அவள் என்னோடு பேசியதைவிட அந்தச் செடிகளோடு பேசியது அதிகம். தண்ணீர் ஊற்றுவதும் வாடிய பூவைக் கிள்ளுவதும் என் வேலை. விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். கையைச் சரியாகக் கழுவாமல் சோறு பிசைந்தால் கசக்கும். வெயில் காலம் பிறந்ததும் எல்லாம் கருகிச் செத்துப்போகும். பிடுங்கிப் பையில் போட்டு லிஃப்டில் கீழே கொண்டுபோய்க் கொட்டுவேன். நல்ல வெயிலும் இரவில் குளிரும் ஒன்றாகக் கிடைக்கிற இடமாக இருந்தால் இது இப்படிச் சாகாது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியும். அங்கிருந்துதான் நான் போயிருந்தேன்.

ஏழாம் வகுப்போடு நான் பாடசாலையை விட்டவள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பசறைக்குப் போகிற பஸ்ஸில் ஏறுவது பிடித்திருந்தது. இறங்கிப் போய் உட்கார்ந்து படிப்பது பிடிக்கவில்லை. அதன் பிறகு கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தேன். வெளிநாடு இரண்டு தடவை. நடுவில் ஒரு தையல் ஆலை, பண்டாரவளையில் மரக்கறி தரம் பிரிக்கிற வேலை, ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவல். எதிலும் நான் நிலைக்கவில்லை. ஓர் இடத்தில் பாய் விரித்துப் படுத்துச் சில மாதம் போனால் உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். கல்யாணம் பேசினார்கள், பேசி முடிப்பதற்குள் நான் வேறு ஊரில் இருந்தேன். இதை யாரும் என்மேல் ஏற்றிச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன்.

கடைசித் தடவை திரும்பி வந்தபோது அப்பாவும் அம்மாவும் இல்லை. அவர்கள் இருந்த காம்பராவில் அக்காவும் மச்சானும் இருந்தார்கள். அக்கா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், மச்சான் தேயிலை ஆலையில் வேலை. அவர்களுடைய ஒரே மகன் கொழும்பில் ஒரு கட்டடத்துக்குக் காவல் இருந்தான். முன்னறையில் அவர்கள் இரண்டு பேரும் படுத்தார்கள். நான் குசினியில் அடுப்புப் பக்கமாகப் பாயைப் போட்டுக்கொண்டேன். அக்கா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ரொட்டி சுட்டால் முதல் ரொட்டி எனக்குத்தான் வரும். "ஊரூராத் திங்கப் போனவளுக்கு எங்க ரொட்டி எறங்குதா?" என்று கேட்டுக்கொண்டே தட்டில் போடுவாள்.

விதையைப் பண்டாரவளையில் வாங்கினேன். பாக்கெட்டின் மேலே ஊதாப் பூ, ஓரத்தில் வெள்ளைக் கரை. உள்ளே பார்த்தால் டஸ்ட் தேயிலை மாதிரி கொஞ்சம் தூசி. முதல் தடவை போஞ்சி விதைப்பதுபோல மண்ணுக்குள் விரலால் குழி போட்டுப் புதைத்தேன். ஒன்றுகூட வரவில்லை. பாதிப் பாக்கெட்டை அப்படித் தின்னக் கொடுத்த பிறகுதான் யோசித்தேன்: இவ்வளவு பொடி விதைக்கு மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வர எங்கே பலம்? மிச்சத்தைச் சலித்த மணலில் கலந்து, ஒரு கடதாசியை மடித்து அதிலிருந்து தட்டித் தட்டித் தூவினேன். மேலே மண் போடவில்லை. தண்ணீரை ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும் என்று டின்னை பேசினில் வைத்து அடியிலிருந்து ஊறவிட்டேன். பொலித்தீன் ஒன்றால் மூடி வெளிச்சத்தில் வைத்தேன். ஒரு வாரம் போனதும் மண்ணின்மேல் பச்சையாகப் பாசி பிடித்ததுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால் பாசி இல்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலை.

பிறகு ஏனம் தேடினேன். பெயிண்ட் வாளி, பால்மா டின், பிஸ்கட் டின், விளிம்பு உடைந்த பேசின், உரப்பை. ஆணியை அடுப்பில் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டேன். தண்ணீர் தேங்கினால் இந்தச் செடியின் வேர் அழுகிவிடும். அது எனக்குப் பல்கனியிலேயே தெரியும். தேங்காய்த் தும்புத்தூளும் மணலும் பழைய சாணியும் கலந்து மண் கட்டினேன். பச்சை இலையையும் சாணியையும் ஒரு வாளியில் ஊறப்போட்டு, புளித்த பிறகு தண்ணீர் கலந்து ஊற்றினேன். நாற்றத்துக்கு லயமே ஒரு நாள் திட்டியது. "வெளிநாட்டுல இருந்து சென்ட் போத்தல் கொண்டாருவாங்க. இவ என்னத்தக் கொண்டாந்திருக்கா பாரு" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி, மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு.

மார்கழி மழையில் நாற்றுகளை இஸ்தோப்பில், எங்கள் காம்பராவுக்கு முன்னால் கூரை இறங்கும் அந்தக் கொஞ்ச இடத்தில், காப்பாற்றி வைத்தேன். தை பிறந்து வெயில் வந்ததும் வெளியே எடுத்தேன். விரல் நீளம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினேன். கிள்ளாவிட்டால் இந்தச் செடி கொடிபோல் இழுத்துக்கொண்டு போய் முனையில் மட்டும் ஒரு பூவை வைத்துக்கொண்டு நிற்கும். கிள்ளினால் பக்கத்தில் இரண்டு கிளை விடும். மாசியில் எல்லா ஏனத்திலும் பூ.

எங்கள் தோட்டத்துப் பழைய பங்களாவைக் கொழும்புக்காரர்கள் எடுத்து, வெளிநாட்டவர்கள் தங்கும் இடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர் பதுளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர். தோட்டத்தில் எல்லோரும் பழக்கத்தில் அவரைத் தொரை என்றார்கள். அவருக்கு அது கூச்சமாக இருந்தது. ஒரு நாள் அவருடைய மோட்டார் சைக்கிள் எங்கள் லயத்துக்கு முன்னால் நின்றது. பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யாரு அக்கா இத வளக்கிறது?"

"நான்தாங்க."

"பெயிண்ட் வாளியிலயா?"

"அதுக்கு வாளின்னு தெரியாதுங்க."

சிரித்தார். பங்குனியில் முதலாளிகள் வரப்போகிறார்கள், புதுவருஷ விடுமுறைக்கு முன்னால் பங்களாவைத் திறக்க வேண்டும், முன் படிக்கட்டு முழுக்க இந்தப் பூ வேண்டும் என்றார். அவர்களுக்குப் பிடித்திருந்தால் தோட்டவேலைக்கு என்னை நிரந்தரமாக எடுக்கலாம், பின்னால் ஓர் அறை இருக்கிறது, அதில் தங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அந்த அறையை நான் போய்ப் பார்த்தேன். முன்பு சமையல்காரர் இருந்த அறை. கிழக்கே ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள், வெளியே நாலு பக்கமும் வெயில் விழுகிற மண். என் வயதில் அதுவரை நான் படுத்த இடமெல்லாம் யாருடையதோ ஓர் இடத்தின் மூலை. உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். எனக்கு உள்ளங்கால் அரிக்கவில்லை. இங்கே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ராத்திரி அக்காவிடம் சொன்னேன். "நல்லதுதானே புள்ள. கண்ணு முன்னாடி இருப்பே" என்றாள்.

அதற்குள் மச்சான் விழுந்தார். ஆலைப் படியில் மூட்டையோடு வழுக்கி, தொடை எலும்பு முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொழுந்து குவிகிற காலம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அக்கா போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. மகனுக்குக் கொழும்பில் லீவு இல்லை. "நீ போயி இருக்கிறியா?" என்று அக்கா கேட்டாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. போனேன்.

ஆண்கள் வார்டில் பெண்கள் இரவு தங்க முடியாது. வெளிநாட்டில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் வீடு டவுனில் இருந்தது. அங்கே படுத்துக்கொண்டு, காலையும் மாலையும் சோறு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறுவேன். மச்சானுக்கு ஊட்டிவிட்டேன், முகம் துடைத்துவிட்டேன், துணி அலசினேன். அவர் பேச்சு குறைந்தவர். நான் போகும்போதெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். வலி என்று நினைத்தேன்.

போவதற்கு முன் செடிகளை அக்காவிடம் ஒப்படைத்திருந்தேன். "காலையில தண்ணி ஊத்து. மழை வந்தா உள்ள இழு. அப்பப்ப கிள்ளி விடு" என்று சொன்னேன். கிள்ளி விடு என்று சொன்னபோது வாடிய பூவைத்தான் நினைத்தேன். காம்போடு சேர்த்துக் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது காய் பிடித்து, செடி பூப்பதை நிறுத்திவிடும் என்றெல்லாம் சொல்ல நேரமில்லை. கிள்ளுவதைப் பற்றிக் கொழுந்து எடுக்கிறவளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது என்றும் நினைத்துவிட்டேன்.

பங்குனியில் மச்சானைக் கட்டோடு ஆட்டோவில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினேன். இறங்கியதும் செடிகளைத்தான் பார்த்தேன். ஒரு பூ இல்லை. ஒரு மொட்டு இல்லை. எல்லா வாளியும் டின்னும் பச்சையாக, அடர்த்தியாக, மட்டம் வைத்து எடுத்ததுபோல் ஒரே தட்டையாக இருந்தன. இஸ்தோப்புக்கு முன்னால் ஒரு சின்னத் தேயிலை மலை.

அக்கா பெருமையோடு வந்து நின்றாள். "எப்படி? ஒரு ரவுண்டும் விடல. மலைக்குப் போயிட்டு வந்து அப்படியே இதுலயும் ஒரு கை பாத்துருவேன்."

"பூ எங்கக்கா?"

"பூவா? மொட்டு விட்டுக்கிட்டேதான் இருந்துச்சு சனியன். நான் விடுவேனா? முப்பது வருஷமா இந்தக் கைக்கு முன்னாடி ஒரு செடி பூத்ததில்ல."

தேயிலை பூத்தால் அது கொழுந்து எடுக்கிறவளுக்கு அவமானம். கவனிப்பில்லாத செடிதான் பூக்கும். பூத்த செடியில் கொழுந்து வராது. கங்காணி நின்று திட்டுவார். அந்தக் கையிடம் நான் என் பூச்செடியைக் கொடுத்து, கிள்ளி விடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். எனக்கு அழுகை வர வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. ஆட்டோக்காரர் சிரித்தார். பக்கத்துக் காம்பராக்காரி, "ஸ்பீக்கரக் கழட்டி ரெண்டு எல ஒரு மொட்டுன்னு எடுத்துட்டாளே!" என்று சத்தம் போட்டாள். கிள்ளியதையெல்லாம் என்ன செய்தாள் என்று கேட்டேன். "கோழிக்குப் போட்டேன். அது திங்க மாட்டேங்குது" என்றாள் அக்கா. நான் நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன்.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "என்னய உள்ள கொண்டுபோயிப் படுக்க வை" என்றார்.

மறுநாள் பங்களாத் தொரை வந்தார். தட்டையான வாளிகளைப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, தேயில நட்டுட்டீங்களா?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவரும் சிரித்தார். ஆனால் முகத்தில் ஏதோ தயக்கம் இருந்தது. இரண்டு வாரம் பொறுத்தால் இதே செடி முன்னைவிட இரண்டு மடங்கு பூக்கும், ஒவ்வொரு கிள்ளுக்கும் ஒரு கிளை வந்திருக்கிறது, இனி யாரும் தொடாமல் விட்டால் போதும் என்றேன். முதலாளிகளும் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

"செடி பூத்தாப் போதும் அக்கா. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

மற்றதை என்று அவர் சொன்னது எனக்கு அந்த அறையாகக் கேட்டது.

அந்த இரண்டு வாரமும் பின்னேர மழையோடு மல்லுக்கட்டினேன். பெட்டூனியாப் பூ மழையில் நனைந்தால் ஈரக் கடதாசிபோல் சுருண்டு இலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் பூசணம் பிடிக்கும். மலைக்கு மேலே கறுத்தால் வாளிகளை இஸ்தோப்புக்குள் இழுப்பேன், வெளுத்தால் வெளியே தள்ளுவேன். இலையில் படாமல் அடியில் தண்ணீர் ஊற்றுவேன். அக்காவை இரண்டடி தள்ளி நிறுத்திவைத்தேன். பேசிக்கொண்டு நிற்கும்போதே அவள் கை தானாக மொட்டுக்குப் போகும். "கையக் கட்டு" என்பேன். அவள் சிரித்துக்கொண்டு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

அந்த நாட்களில் பீலியில் பெண்கள் என்னிடம் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். "சொல்லாமப் போயிராத புள்ள" என்றாள் ஒருத்தி. "இந்தத் தடவ எந்த நாடு?" என்று இன்னொருத்தி. எனக்கு ஒரு தைலப் போத்தல் கொண்டுவா என்று ஒரு கிழவி கையைப் பிடித்தாள். என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் பயணம்தான் ஞாபகம் வரும். அந்தக் கேலிதான் என்று நினைத்தேன். "பங்களாவுக்குத்தான் பயணம்" என்று பதில் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூத்தது. நான் சொன்னதைவிட அதிகமாகப் பூத்தது. அக்கா கிள்ளிய இடமெல்லாம் கிளைத்து, ஒரு வாளியில் இலை தெரியாத அளவுக்கு ஊதாவும் வெள்ளைக் கரையும். நான் மட்டும் கை வைத்து வளர்த்திருந்தால் இப்படி வந்திருக்காது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ட்ராக்டர் ஒன்றைப் பிடித்து, வாளிகளுக்கு நடுவில் வைக்கோல் அடைத்து, மெதுவாகப் பங்களாவுக்குக் கொண்டுபோனேன். படிக்கட்டின் இரண்டு பக்கமும் அடுக்கினேன். வாளிகள் தெரியாமல் இருக்கச் சாக்குத் துணி சுற்றினேன். முதலாளிகள் வந்தார்கள். அம்மா ஒருவர் படியிலேயே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். நான் குசினிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு தொரையிடம் போனேன். "சாமான எப்ப கொண்டாறது?" என்று கேட்டேன். என் சாமான் என்பது ஒரு பை.

அவர் முகம் மாறியது. "எந்த சாமான், அக்கா?"

"அந்த அறைக்குங்க."

"நீங்க பயணம் போறீங்கதானே? விசா வந்திருச்சாமே."

"யாருக்கு?"

"உங்களுக்கு. உங்க அக்காதான் வந்து சொன்னாங்க. நீங்க மச்சானோட ஆஸ்பத்திரியில இருந்தப்ப. நீங்க நிக்க மாட்டீங்க, இந்த மாசமே போயிருவீங்க, எங்கயும் நின்னதில்லன்னு சொன்னாங்க. அவங்க மகன எடுக்கச் சொல்லிக் கேட்டாங்க."

"எனக்கு விசா ஒண்ணும் வரலீங்க. நான் கேக்கவும் இல்ல."

அவர் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை. "அவரு கொழும்பு வேலைய விட்டுட்டு வந்துட்டாரே அக்கா. நேத்துத்தான் வந்தாரு. இப்ப நான் என்ன செய்ய?" என்றார். அந்த நேரம் பின்னால் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கயிற்றில் ஓர் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவன் நேற்று வந்தது எனக்குத் தெரியாது. லயத்துக்கு வராமல் நேரே இங்கே வந்திருக்கிறான்.

இறங்கி நடந்தேன். வழியெல்லாம் நான் யோசித்தது அந்தக் கிள்ளலைத்தான். வேண்டுமென்றே கிள்ளினாளா? பூ இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று கணக்குப் போட்டாளா? இல்லை. அது அவளுடைய கை. அந்தக் கைக்குப் பொய் தெரியாது. நான் சிரித்ததும் சரிதான். அவள் கை மொட்டைக் கிள்ளிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவள் வாய் பங்களாவுக்குப் போய் வந்திருக்கிறது. கை செய்ததைப் பார்த்து எல்லோரும் கூடிச் சிரித்தோம். வாய் செய்ததை லயமே தெரிந்து வைத்துக்கொண்டு என்னிடம் தைலப் போத்தல் கேட்டது.

அக்கா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"எனக்கு எப்ப விசா வந்துச்சு?" என்று கேட்டேன்.

அரிசித் தண்ணீரை வடித்தாள். மறுபடி தண்ணீர் ஊற்றினாள். "நீ போயிருவேன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

"நான் சொன்னேனா?"

"என்னைக்குச் சொல்லிட்டுப் போயிருக்க? அம்மா சாகக் கெடந்தப்ப எங்க இருந்த? அப்பாவுக்கு யாரு தண்ணி ஊத்துனது? இன்னைக்கு ஒரு அறையக் கண்டதும் மகாராணிக்கு இங்க இருக்கணும்னு தோணிருச்சாக்கும்."

"தோணுச்சு."

"எத்தன மாசத்துக்கு?"

அது உண்மையான கேள்வி. அதுதான் அதிகம் வலித்தது. பொய்யை ஓர் உண்மைக்குள் பொதிந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே. அவனுக்குக் குடுன்னு" என்றேன்.

"கேட்டா குடுத்திருப்பியா?"

"தெரியாது."

"அதான் கேக்கல." அவள் குரல் இறங்கியது. "அவனுக்கு வயசாகுது புள்ள. ஒரு காம்பரா இல்லாம யாரு பொண்ணு குடுப்பா? அவனுக்கு இந்த மலைய விட்டா என்னா இருக்கு? ஒனக்கு ஒலகமே இருக்குல்ல."

முன்னறையில் மச்சான் கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் பேசுவது அவருக்குக் கேட்காமல் இருக்காது. நான் திரையை விலக்கினேன்.

"மச்சான், ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியிலயே தெரியுமா?"

"ஞாயித்துக்கெழம பாக்க வந்தப்ப சொன்னா" என்றார். பிறகு, "நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் இருந்தது. அக்கா வந்திருந்தாள்; அவர்கள் பேசட்டும் என்று நான் வெளியே போய்ப் பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். உரித்து அவர் வாயில் வைத்தேன். மென்று விழுங்கினார்.

மறுநாள் காலையில் பார்த்தால் என் பை பரணிலிருந்து இறங்கியிருந்தது. தூசி தட்டித் துடைத்துக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டாள். கோபம் வந்தால் நான் போய்விடுவேன் என்பது அவள் இத்தனை வருஷமாகப் பார்த்தது. நான் போனால் அவள் சொன்னது பொய்யாக இருக்காது. லுணுகலைப் பக்கம் ஒரு கடையில் ஆள் கேட்டார்கள், பண்டாரவளையில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். உள்ளங்கால் அரிக்கவும் செய்தது. நான் பைக்குள் இருந்த துணிகளை எடுத்து அவளுடைய சேலைக் கயிற்றில் மடித்துப் போட்டேன். பைக்குள் இருந்த துணிகளை எடுத்து அவளுடைய சேலைக் கயிற்றில் மடித்துப் போட்டேன்.

பீலியில் அதன் பிறகும் கேட்டார்கள். "பயணம் எப்ப?" "அக்காவக் கேளுங்க. அவளுக்குத்தான் தேதி தெரியும்" என்றேன். முதலில் சிரித்தார்கள். இப்போது கேட்பதில்லை, அக்கா குடத்தோடு வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வழி விடுகிறார்கள்.

கொஞ்ச நாள் போனதும் அக்கா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அங்க பூவெல்லாம் கொறஞ்சு போச்சாம். தொர மொகத்தச் சுளிக்கிறாராம். என்னா பண்ணணும்னு அவன் கேட்டான்."

"அவன் வந்து கேக்கட்டும்."

"ஒன் மொகத்தப் பாக்க அவனுக்கு வெக்கமா இருக்காம்."

"ஒனக்கு இல்லையா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு, "கிள்ளணுமா? நான் போயிக் கிள்ளிட்டு வரவா?" என்று கேட்டாள்.

வாடிய பூவின் இதழை மட்டும் அவன் பிடுங்கிக்கொண்டிருப்பான், காய் காம்பிலேயே நிற்கும் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். நான் ரொட்டியைத் தின்றேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் மேலே போய்விட்டு வந்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு போடும்போது அவள் விரல் தட்டின் விளிம்பில் அந்தச் செடிப் பிசுபிசுப்போடு ஒட்டி ஒட்டி எடுத்தது. எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை.

விடியுமுன் அக்கா அடுப்பு மூட்ட வருவாள். எங்கள் குசினி ஒரு பாயின் அகலம். அடுப்புக்குப் போக என்னைக் கடக்க வேண்டும். படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது என்பது பால்குடிக்கிற நாளிலிருந்து எங்களுக்கு ஊட்டிய பயம். முன்பெல்லாம் அவள் அடி வைக்கிற சத்தத்திலேயே நான் தூக்கத்தில் காலை மடக்கிக்கொள்வேன், அவள் சுவரோரமாக ஒதுங்கிப் போவாள். இப்போது அவள் வருவதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அவள் கேத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கூப்பிடவும் மாட்டாள், தாண்டவும் மாட்டாள். பெரட்டுக்கு நேரமாகிறது என்று எனக்கும் தெரியும். நான் காலை நீட்டிப் படுத்திருக்கிறேன்.